குளிர் என்றொரு குடும்பம்

ஸ்ரீநகர் வீடுகள் கோடையிலேயே குளிர்காலத்துக்குத் தயாராகத் தொடங்கிவிடும். இப்போது அவற்றுக்கு ஒரு புதிய கவலை: வெண்பனி பொழியாத குளிர்.

ஸ்ரீநகரில் டிசம்பர் 21ஆம் தேதி, எந்த அரசாணையும் இல்லாமல், ஒரு பருவம் பதவியேற்கிறது. அதன் பெயர் சில்லாய் கலான். 'சில்லா' என்பது பாரசீகத்தில் நாற்பது நாள் கணக்கு. 'கலான்' என்றால் பெரியது. ஜனவரி கடைசி வரை நீடிக்கும் இந்தப் பெருங்குளிர் 40 நாட்கள். அதன் பின் 20 நாட்கள் சில்லாய் குர்து என்ற சின்னக் குளிர். அதற்கும் பின் 10 நாட்கள் சில்லாய் பச்சா என்ற குழந்தைக் குளிர். ஆக 70 நாட்கள். பெரியவர், சின்னவர், குழந்தை என்று குளிரையே ஒரு குடும்பமாக்கி வீட்டில் இடம் கொடுத்துவிட்ட ஊர் இது.

மார்கழி அதிகாலையில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகும் சென்னைவாசிக்கு இந்தக் குளிர் எளிதில் பிடிபடாது. 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.4 டிகிரி செல்சியஸ். 2024 டிசம்பர் 21 அன்று, அதாவது சில்லாய் கலான் தொடங்கிய அன்றே, மைனஸ் 8.5. டிசம்பர் மாதத்தில் அப்படி ஓர் இரவை அந்த நகரம் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கவில்லை. இப்படிப்பட்ட இரவுகளுக்கு மறுநாள் தால் ஏரியின் மேல் பாலாடை போல் பனிக்கட்டி படிந்திருக்கும். படகுக்காரர்கள் அதைத் துடுப்பால் உடைத்துக்கொண்டுதான் போகவேண்டும். வீட்டுக் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். வெந்நீர் ஊற்றியோ, அடியில் காகிதத்தைக் கொளுத்தியோ குழாயைத் துயிலெழுப்பிய பிறகுதான் முகம் கழுவுவதைப் பற்றி யோசிக்க முடியும்.

இருந்தும், காஷ்மீரிகளிடம் நல்ல சாப்பாடு, நல்ல பேச்சு, நல்ல தூக்கம் பற்றிக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் போய் நிற்கும். இதில் முரண்பாடு ஏதுமில்லை. அங்கே குளிர்காலத்தின் சின்னச் சின்ன இன்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்தவை, முன்யோசனையால் சம்பாதித்தவை.

சமையலறையிலிருந்து தொடங்கலாம். ஸ்ரீநகர் வீடுகளில் ஜனவரிச் சாப்பாட்டுக்கான வேலை ஆகஸ்டிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. சுரைக்காயை நீள நீளமாக நறுக்கிக் காயப்போடுகிறார்கள். கத்திரிக்காயை நான்காக வகிர்ந்து கோத்துத் தொங்கவிடுகிறார்கள். தக்காளி, டர்னிப், சிறு மீன்கள் எல்லாம் வெயிலுக்குப் போகின்றன. ஜன்னல்களிலும் மொட்டைக் கயிறுகளிலும் ஊசலாடும் இந்த மாலைகளுக்குப் பொதுப்பெயர் 'ஹோக் சியூன்', அதாவது உலர்ந்த கறி. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: நமக்கு வற்றல் ஒரு ருசி, அவர்களுக்கு அது ஒரு காப்பீடு. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு வரும் நெடுஞ்சாலை பனியாலும் மண்சரிவாலும் அடைபட்டால் காய்கறி லாரிகள் வழியிலேயே நின்றுவிடும். பல தலைமுறைகளாகக் காஷ்மீரக் குடும்பங்கள் இந்த நாட்களை அரிசி மூட்டை, பருப்பு, உலர்ந்த கறி ஆகியவற்றின் துணையோடுதான் கடந்திருக்கின்றன.

நிலைமை மாறிவருகிறது. பனிஹால்–காசிகுண்டு இடையே எட்டரை கிலோமீட்டர் சுரங்கச் சாலை 2021இல் திறக்கப்பட்டது. 2025 ஜூனில் செனாப் பாலத்தின் வழியே கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இனி வற்றல் இல்லாமலும் காலம் தள்ளலாம். ஆனாலும் மாலைகள் தொங்குகின்றன. வெளியே பனி பொழிய, உள்ளே வற்றல் சுரைக்காயும் ஆட்டிறைச்சியும் சேர்ந்து கொதிக்கும் வாசனைக்கு ஈடாக எந்த ரயிலும் எதையும் கொண்டுவந்துவிட முடியாது என்பது அவர்கள் கட்சி.

காலை விடிவது தெருமுனை ரொட்டிக் கடையில். 'காந்துர்' எனப்படும் ரொட்டிக்காரர் ஏறக்குறைய ஒவ்வொரு மொஹல்லாவிலும் உண்டு. இருட்டோடு தந்தூர் அடுப்பை மூட்டி, 'கிர்தா' என்னும் வட்ட ரொட்டிகளைச் சுட்டு அடுக்குவார். அந்த அடுப்படியில் நிற்கும் நான்கு நிமிடங்கள்தான் தெருவின் செய்தி அறிக்கை. யார் வீட்டுக் கூரையில் பனி இறங்கியது, யாருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில் மின்சாரம் இல்லை என்பதெல்லாம் ரொட்டியோடு சேர்ந்து சூடாகவே வீடு போய்ச் சேரும். வீட்டில் 'நூன் சாய்' தயாராக இருக்கும். பச்சைத் தேயிலையைச் சமையல் சோடா சேர்த்து வெகுநேரம் கொதிக்கவைத்து, பாலும் உப்பும் கலந்த இளஞ்சிவப்புத் தேநீர் இது. சர்க்கரையை எதிர்பார்த்து முதல் வாய் குடிக்கும் தென்னிந்தியர் திடுக்கிடுவார். இரண்டாம் நாள் பழகிவிடும்.

வாரத்தில் ஒருநாள், வசதி இருந்தால், ஹரிஸ்ஸா. ஆட்டிறைச்சியையும் அரிசியையும் சோம்பு, பட்டை, ஏலக்காயுடன் பானையிலிட்டு இரவு முழுவதும் விறகடுப்பில் வேகவைத்து, எலும்பை நீக்கி, மரக்கட்டையால் இடித்துக் கூழாக்குகிறார்கள். அதன் மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிப் பரிமாறுவது வழக்கம். பழைய நகரத்தின் ஹரிஸ்ஸா கடைகளுக்கு விடியற்காலையிலேயே போய்விடவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பானை காலி. மணமான மகளின் புகுந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஹரிஸ்ஸா அனுப்புவது பெற்றோரின் கடமைகளில் ஒன்று. நம் ஊரில் பொங்கல் சீர் போல. அனுப்பிய பாத்திரத்தின் அளவு பற்றி இரு வீட்டிலும் பேச்சு எழுவதும் நம் ஊர் போலவேதான்.

வெளியே கிளம்ப வேண்டுமென்றால் ஃபெரன். முழங்காலுக்குக் கீழ் வரை தொங்கும், தோளிலும் கையிலும் தாராளமான கம்பளி அங்கி. அதன் தாராளத்துக்குக் காரணம் உள்ளே குடியிருக்கும் காங்கிரி: பிரம்பு போன்ற மெல்லிய மிலாறுகளால் பின்னிய கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் சாம்பல் போர்த்திய கரி நெருப்பு. சரார்-இ-ஷரீஃப் காங்கிரிகளுக்குத் தனிப் பெயர் உண்டு. இலையுதிர்காலத்தில் சினார் மரங்களின் செம்பழுப்பு இலைகளைக் கண்டு சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுக்கும்போது, உள்ளூர்ப் பெண்கள் அவற்றைப் பெருக்கிக் குவித்துக் கரியாக்கிக்கொண்டிருப்பார்கள். 2018 டிசம்பரில் ஒரு வட்டாரக் கல்வி அதிகாரி, அலுவலகத்துக்கு ஃபெரன் அணிந்து வரக்கூடாது என்று ஆணையிட்டார். எழுந்த எதிர்ப்பில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஓர் உடுப்பைத் தொட்டால் ஒரு பள்ளத்தாக்கே சிலிர்த்துக்கொள்ளும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மாலையில் குடும்பம் சுருங்குகிறது. அதாவது, ஓர் அறைக்குள் வந்துவிடுகிறது. எட்டு அறை உள்ள வீட்டிலும் கடுங்குளிரில் வாழ்வது ஓரிரு அறைகளில்தான். வசதி உள்ள வீடுகளில் அது ஹமாம்: கற்பலகை பாவிய தரை, தரைக்கு அடியில் விறகு நெருப்பு, கூடவே பதிக்கப்பட்ட செப்பு அண்டாவில் வெந்நீர். மசூதிகளிலும் ஹமாம் உண்டு. தொழுகை முடிந்த பின்னும் முதியவர்கள் அந்தச் சூட்டை விட்டு எழுந்துபோக அவசரப்படுவதில்லை. வீட்டு ஹமாமில் பாட்டி, மருமகள், பேரன், விருந்தாளி எல்லாரும் ஒரே தரையில். பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை என்பதால் குழந்தைகளும் அங்கேயே. வீட்டுப்பாடம், தொலைக்காட்சி, சண்டை, சமாதானம், தூக்கம் எல்லாம் அந்த ஓர் அறைக்குள் நடந்தாகவேண்டும். கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க வேறு சூடான அறை கிடையாது. கூட்டுக்குடும்பத்தின் மேன்மை பற்றி நாம் நடத்தும் பட்டிமன்றங்களைவிட இந்தக் கணப்பு அதிகம் சாதித்திருக்கக்கூடும்.

ஆனால் இந்தச் சூடு தானாக வருவதில்லை. எல்லாருக்கும் முன்னால் எழுந்து காங்கிரிகளில் கரி நிரப்புவது யார்? காயை நறுக்கிக் காயவைத்தது யார்? உறையும் தண்ணீரில் பாத்திரம் கழுவுவது யார்? விடை பெரும்பாலும் பெண்பால்தான். இதில் ஆபத்தும் கலந்தே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காங்கிரியை உடலோடு அணைத்திருப்பதால் தொடையிலும் வயிற்றிலும் வரும் தோல் புற்றுநோயைப் பற்றி, ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் எல்ம்ஸ்லி 1866லேயே எழுதினார். மருத்துவ நூல்களில் அதற்குப் பெயரே காங்கிரிப் புற்றுநோய். இக்காலத்துக் கணப்புச் சாதனங்களும் சாதுவானவை அல்ல. காற்று புக வழியில்லாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு எரிவாயு அடுப்பையோ கரியையோ எரித்தால் மணமற்ற நச்சுவாயு அறையை நிரப்பிவிடும். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரின் ஒரு வாடகை வீட்டில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இப்படி மூச்சுத்திணறி இறந்தார்கள். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைப்பது குளிருக்குச் செய்யும் துரோகம் அல்ல. உயிருக்குச் செய்யும் உபகாரம்.

இத்தனை ஏற்பாடுகளும் காத்திருப்பது ஒரு விருந்தாளிக்காக: முதல் வெண்பனி. அது விழுந்ததும் 'ஷீன் முபாரக்' என்று வாழ்த்துகிறார்கள். அன்று ஒரு விளையாட்டும் உண்டு. ஒரு பிடி பனியைக் காகிதத்தில் பொதிந்து, ஏதோ சாமான் போல நண்பரிடமோ சம்பந்தி வீட்டாரிடமோ நீட்டவேண்டும். சந்தேகப்படாமல் வாங்கிக்கொண்டால் வாங்கியவர் தோற்றார். விருந்து அவர் செலவு. பழமையான நீலமத புராணத்திலேயே முதல் பனியைக் கொண்டாடும் குறிப்பு இருக்கிறது. இந்த விளையாட்டு பண்டிதர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒன்றேதான். 1990இல் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்து ஜம்முவிலும் டில்லியிலும் குடியேறிய பண்டிதக் குடும்பங்கள் இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. அதில் இந்தப் பிடி பனியும் சேர்த்தி. அந்தச் சமவெளிகளில் வெண்பனி விழுவதில்லை.

இப்போது பள்ளத்தாக்கிலேயே அந்த விருந்தாளி நேரத்துக்கு வருவதில்லை. 2024 ஜனவரி பெரும்பகுதி வறண்டே கழிந்தது. பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற குல்மார்கின் சரிவுகள் பழுப்புப் புல்லாய்க் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி எட்டிப் பார்த்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. குளிர் மட்டும் குறையவில்லை. மேகமற்ற வறண்ட இரவுகளில் அது இன்னும் கடுமையாகவே கடிக்கிறது. ஜீலம் நதியில் நீர் வற்றும் குளிர்காலத்தில் நீர்மின் உற்பத்தியும் விழுந்துவிடுவதால், மின்கணப்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் மின்வெட்டும் அதிகம். கூலி வேலைக்காரருக்கும் படகுக்காரருக்கும் இது சீசன் போன வருத்தம் மட்டுமல்ல, அடுப்பெரியும் பிரச்சினை.

சில்லாய் கலானில் விழும் பனிக்கு வேறு பனிக்கு இல்லாத மதிப்பு உண்டு. அந்தக் கடுங்குளிரில் அது மலையில் இறுகித் தங்கி, பனியாறுகளுக்கு ஊட்டமளித்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக உருகி இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் தாமதமாக விழும் பனி இறுகுவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. சீக்கிரமே ஓடி மறைகிறது. நெல் நாற்றுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் வேண்டிய நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. வெயிலில் காயப்போட வீட்டுக் கொல்லையில் சுரைக்காய் காய்ப்பதற்கும் அந்த ஜனவரிப் பனிதான் தண்ணீர் அனுப்பவேண்டும். ஸ்ரீநகர்க் குடும்பம் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது குழந்தைகள் பனிப்பந்து எறிந்து விளையாடுவதற்காக மட்டுமல்ல. ஆகஸ்டில் ஜன்னலில் தொங்கவேண்டிய மாலையும் அங்கிருந்துதான் இறங்கி வரவேண்டும்.