முத்திரை அல்பமும் முகந்தெரியாத ஏலமும்

வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களை இணையத்தில் ஏலம் விட்டால் டொலரில் பணம் வரும் என்ற பேச்சு, எமது மகளிர் குழுக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகின்றது. வெளிநாட்டிலிருந்து ஒரு மருமகன் தொலைபேசியில் சொல்லியிருப்பார். அல்லது விக்டோரியா மகாராணி காலத்துச் செப்புச் சதம் ஒன்று இலட்சக்கணக்கில் விலைபோனதாக யாரோ ஒரு காணொளியைக் கண்டிருப்பார்கள். 2022இல் இந்தப் பேச்சு கூடியதற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. வருமானம் அப்படியே நிற்க, அரிசி, மா, எண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. டொலரில் ஒரு சிறு தொகை கிடைத்தாலும் ஒரு மாதத்தைத் தள்ளிவிடலாம் என்று பெண்கள் கணக்குப் பார்த்ததில் வியப்பில்லை.

அப்படிக் கணக்குப் பார்த்து யாழ்ப்பாணத்தில் எமது நிலையத்துக்கு வந்த ஒரு தாயின் அனுபவத்தையே இங்கு எழுதுகின்றேன். அவர் காலமான உபதபாலதிபர் ஒருவரின் மனைவி. பேத்திக்குப் பேராதனையில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. தங்குமறை வாடகைக்கு வழி இருக்கவில்லை. அவரிடம் இருந்தது கணவரும் மாமனாரும் சேர்த்த முத்திரை அல்பம் ஒன்று. விற்பனை நடந்த ஏலத்தளத்தின் பெயரோ பணத்தைக் கைமாற்றிய நிறுவனத்தின் பெயரோ இங்கு அவசியமில்லை. இத்தகைய தளங்கள் பலவற்றில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

இணைய ஏலத்தின் கதை நீண்டதல்ல. 1995 செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்னும் கணினி நிரலாளர் ‘ஒக்ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கியதே பின்னர் ஈபே ஆனது. அங்கு முதலில் விற்கப்பட்டது பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்று. விலை 14 டொலர் 83 சதம். வாங்கியவர் பழுதடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவராம்! எவருக்கும் வேண்டாத பொருளுக்கும் உலகத்தின் ஏதோவொரு மூலையில் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையிலேயே இந்த வியாபாரம் வளர்ந்தது. 2000இல் பெல்ஜியத்தில் தொடங்கிய டெல்காம்ப் போன்ற தளங்கள் முத்திரை, நாணயம், படத் தபாலட்டை சேகரிப்போருக்கென்றே உள்ளன.

ஏலம் நமக்குப் புதிதல்ல. பாசையூரிலும் குருநகரிலும் கரையில் மீன் ஏலம் கூறுவதைப் பார்த்திருப்பீர்கள். மீன் கண்முன்னே கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். கூறுபவரையும் கேட்பவரையும் ஊருக்கே தெரியும். கேட்டுவிட்டுக் காசு கொடாமற் போனவர் மறுநாள் கரைக்கு வர வெட்கப்படுவார். இணைய ஏலத்தில் பொருளும் தெரியாது, ஆளும் தெரியாது. அந்த இடத்தை நிரப்புவதற்காக ஈபே 1996இல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ‘சமூக மூலதனம்’ பற்றிப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றேன். அது ஒரு பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணாக நிற்பதை இங்குதான் கண்டேன். எமது தாயின் பெயருக்கு அருகில் இருந்தது பூச்சியம். ஒரே முத்திரையை ஆயிரம் புள்ளி பெற்ற இலண்டன் வியாபாரி விற்றால் ஒரு விலை, பூச்சியம் பெற்ற யாழ்ப்பாணத்துத் தாய் விற்றால் வேறு விலை.

ஊறவைத்த முத்திரைகள்

அல்பத்தில் என்ன இருந்தது? 1935இல் வந்த ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழாத் தொகுதி நான்கும் இருந்தன: 6, 9, 20, 50 சதம். அதே காலத்துப் படமுத்திரைகளும் இருந்தன. 2 சதத்தில் இறப்பர் பால் வெட்டுதல், 9 சதத்தில் கொழுந்து பறித்தல், 50 சதத்தில் காட்டு யானைகள். அந்த வரிசையில் 1 ரூபா முத்திரை திருகோணமலைக் காட்சி. அது மட்டும் இல்லை. 1972க்குப் பின் ‘ஸ்ரீ லங்கா’ என்று அச்சான முத்திரைகள் ஏராளம். இவற்றுக்குப் பெரும்பாலும் விலையே கிடையாது. இலட்சக்கணக்கில் அச்சானவை எல்லோரிடமும் இருக்கும்.

விலைப்பட்டியல் நூல்களில் உள்ள விலை, கடைக்காரர் சிறந்த நிலையிலுள்ள பிரதிக்குக் கேட்கும் விலை. சாதாரண முத்திரையை ஏலத்தில் விடும்போது அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கும். பல்விளிம்பில் ஒன்று குறைந்தாலும், பின்புறப் பசையில் ஒட்டுத்தாள் அடையாளம் இருந்தாலும், பழுப்புப் புள்ளி விழுந்திருந்தாலும் இறங்கிவிடும்.

இந்த அல்பத்தில் பல பக்கங்களில் நீர்க்கறை. “பிள்ளை, இது 95ஆம் ஆண்டு நாங்கள் சாவகச்சேரிக்கு நடந்த இரவு பட்ட மழையெல்லோ” என்றார் அந்தத் தாய். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரில் இக்குடும்பமும் ஒன்று. நகைப்பெட்டியோடு அல்பத்தையும் உரப்பையில் சுற்றிச் சுமந்திருக்கிறார் கணவர். விற்பனை விவரத்தில் அதற்கு ஒரே சொல்தான் எழுத முடிந்தது: நீர்க்கறை. எழுதாமல் விட்டால் பொருள் திரும்பி வரும்; எழுதினால் விலை இறங்கும்.

அல்பத்தின் கடைசியில் ஒரு தபாலுறை செருகியிருந்தது. 1930களில் மாமனாரின் தமையன் மலாயாவில் வேலை பார்த்தபோது இங்கிருந்து அவருக்குப் போய், பின்னர் அவரோடு திரும்பி வந்த கடிதத்தின் உறை. புறப்பட்ட தபாலகத்தின் முத்திரைக்குறியும் சேர்ந்த இடத்தின் குறியும் தெளிவாக இருந்தன. சேகரிப்போர் தேடுவது இத்தகைய முழு உறைகளைத்தான். “இப்படி ஒரு றங்குப்பெட்டி நிறைய இருந்தது. மாமா எல்லாத்தையும் தண்ணியில ஊறப்போட்டு முத்திரையை மட்டும் உரிச்செடுத்தவர்” என்றார் தாய். அந்தக் காலத்தில் முத்திரை சேர்த்த எல்லோரும் செய்த வேலைதான் அது.

பெயர் யாருடையது?

2022இல் பேபால் மூலம் இலங்கையிலிருந்து வெளியே பணம் செலுத்த முடிந்தது. வெளியிலிருந்து பெற முடியவில்லை. ஆகவே வேறொரு நிறுவனம் வழியாகப் பணம் பெற ஏற்பாடு செய்தோம். அந்த நிறுவனம் கேட்டது அடையாள அட்டையும் வங்கிக் கூற்றும். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பெண்களின் பெயர் எப்போது ஒன்றாக இருந்தது? தேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் கணவன் பெயரோடு இன்னொன்று, விவாகப் பதிவில் மூன்றாவது. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினோம்; ஏற்கவில்லை. வங்கியில் பெயரைத் திருத்தி, புதிய கூற்றுப் பெற்று, கணக்குத் திறபட ஆறு கிழமை சென்றது.

“மகன் பேரில திறந்தால் ஒரு நாளில முடியுமே” என்று அயலவர்கள் சொன்னார்கள். பல வீடுகளில் நடப்பது அதுதான். பெண் படம் எடுப்பாள், விவரம் எழுதுவாள், பொதி சுற்றுவாள். பணம் தம்பியின் கணக்குக்குப் போகும். இதில் பலரும் கவனியாத இன்னொன்று உண்டு. நல்ல விற்பனையாளர் என்ற புள்ளிகளும் தம்பியின் பெயரிலேயே சேரும். இரண்டு வருடம் உழைத்தபின் அவள் தன் பெயரில் தொடங்கினால் மறுபடியும் பூச்சியம். தாய் தன் பெயரில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவருடைய பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

நள்ளிரவுக்குப் பின்

புதியவர் என்பதால் மாதத்துக்குப் பத்துப் பொருளே ஏற்றலாம் என்று தளம் வரையறுத்திருந்தது. தபாற்செலவையும் நாமே ஏற்பதாகப் போட்டு, ஏழு நாள் ஏலமாகப் பத்தை ஏற்றினோம். வாங்குவோர் பெரும்பாலும் பிரித்தானியாவில் இருப்பதால் அங்கு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடியும்படி வைத்தோம். கோடையில் அது இங்கு திங்கள் அதிகாலை 12.30. மின்வெட்டுக் காலம் வேறு. தாயும் பேத்தியும் விழித்திருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நாளும் ஓர் அசைவும் இல்லை. கடைசி நிமிடத்தில்தான் விலை எழும்பியது. இது தற்செயல் அல்ல. அல்வின் ரொத், அக்செல் ஒக்கென்ஃபெல்ஸ் என்னும் இரு பொருளியலாளர்கள் 2002இல் இதைப்பற்றி ஆய்வு வெளியிட்டுள்ளனர். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடுவதால், போட்டியை வளரவிடாமல் இறுதிக் கணம்வரை காத்திருப்பது வாங்குவோருக்கு இலாபம். அக்காலத்தில் அமேசன் நடத்திய ஏலத்தில், இறுதி நேரத்தில் ஒருவர் கேட்டால் மேலும் பத்து நிமிடம் நீளும். அங்கு இவ்வழக்கம் குறைவாக இருந்தது. கரையில் மூன்றாம் தரம் சொல்லுமுன் யாராவது கை உயர்த்தினால் ஏலம் தொடரும் அல்லவா? அந்த நியாயம் இங்கு இல்லை. இன்னொன்று: ஒருவர் 100 டொலர் வரை கொடுக்கத் தயாராக இருந்தாலும், அடுத்தவர் 6 டொலரோடு நின்றுவிட்டால் ஆறரை டொலருக்கே பொருள் போகும். வெள்ளிவிழாத் தொகுதி அப்படித்தான் போனது. எத்தனை டொலர் வரை கொடுக்க அவர் எண்ணியிருந்தார் என்பது எமக்குத் தெரியப்போவதில்லை.

பத்தில் நான்கை எவரும் கேட்கவில்லை. ஒன்றைக் கேட்டு வென்றவர் பணம் செலுத்தவே இல்லை. நினைவூட்டல் அனுப்பி, காத்திருந்து, விற்பனையை இரத்துச் செய்வதே விற்பவரால் ஆகக்கூடியது. ஈபே 2008இல், விற்பவர் வாங்குபவருக்குப் பாதகமான மதிப்பீடு இடும் உரிமையையே நீக்கிவிட்டது. விற்பவர்கள் பழிவாங்கும் நோக்கில் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அதன்பின் தராசின் ஒரு தட்டில் மட்டுமே படிக்கல் இருக்கின்றது.

மலாயா உறை 38 டொலருக்குப் போனது. அன்று அந்த வீட்டில் பெரிய சந்தோசம். உறை போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது. படத்தில் தெரிந்ததைவிடக் கறை அதிகமாம். 15 டொலரைத் திருப்பித் தந்தால் வைத்துக்கொள்வாராம், இல்லையேல் திருப்பி அனுப்புவாராம். கறை பற்றி விவரத்தில் எழுதியிருந்தோம், படமும் இருந்தது. எனினும் ‘விவரத்துக்கு ஒவ்வாது’ என்று அவர் முறையிட்டு வென்றால், திரும்பும் தபாற்செலவும் விற்பவர் தலையில். முதல் மதிப்பீடே பாதகமாக விழுந்தால் அடுத்த மாதம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். “குடுத்துவிடு பிள்ளை. கடிதத்தை அவனெண்டாலும் பத்திரமாய் வைச்சிருக்கட்டும்” என்றார் தாய்.

ஐந்து விற்பனையிலும் வந்தது 66 டொலர் 50 சதம். திருப்பிய 15 டொலரும் கட்டணங்கள் 10 டொலர் 30 சதமும் போக மிகுதி 41 டொலர் 20 சதம். பதிவுத் தபாலுக்குக் கையிலிருந்து நாலாயிரம் ரூபாவுக்கு மேல் முடிந்திருந்தது. இதற்குள் இன்னொரு நிபந்தனை: கணக்கில் 50 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு மாற்றலாம்.

இதே வழியில் இறங்க விரும்பும் சகோதரிகளுக்கு இரண்டொரு விடயம் சொல்லவேண்டும். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. ஒல்லாந்தர் காலத்துத் துட்டு, பழைய ஏட்டுச்சுவடி போன்றவற்றை அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால் வழக்கு வரும். வாங்குவோரின் நாடுகளிலும் வரி கூடியுள்ளது. முன்பு சிறு பொதிகளுக்கு இருந்த விலக்குகளைப் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021இலும், அமெரிக்கா 2025 ஓகஸ்டிலும் நீக்கின. பத்து டொலர்ப் பொருளுக்கு மேலதிகமாகச் செலுத்த வேண்டுமென்றால் பலர் கேட்கவே மாட்டார்கள். உறைகளிலிருந்து முத்திரையை உரிக்காதீர்கள் என்பதை மீண்டும் சொல்லிவைக்கிறேன்.

அந்தத் தாய் அல்பத்தின் மற்றப் பக்கங்களைப் பிரிக்க விரும்பவில்லை. முதல் மாத வாடகையைச் சங்கத்தின் சுழல்நிதியிலிருந்து கடனாகக் கொடுத்தோம். மறு வருடம் பேத்தி, வீட்டில் கிடந்த இரண்டு படத் தபாலட்டைகளைத் தானே ஏற்றி, எல்லாம் போக 12 டொலர் சேர்த்தாள். 2023 ஜூனில் பணத்தை வங்கிக்கு மாற்றியபோது டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியிருந்தது. கைக்கு வந்தது பதினையாயிரத்து அறுநூறு ரூபா. பெயருக்கு அருகில் இப்போது ஏழு என்று இருக்கின்றது.