முயல் சொன்ன ரகசியம்

முயல் அசையவில்லை. காதுகள் தொங்கிக் கிடந்தன. ஆனால் உயிர் இருந்தது.

விஞ்ஞானி அதற்கு ஓர் ஊசி போட்டார். சிறிது நேரம்தான். முயல் எழுந்தது. ஒன்றுமே நடக்காதது போல நடமாடத் தொடங்கியது!

இது மாயமந்திரம் அல்ல. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957-ம் ஆண்டு வெளியிட்ட சோதனை. மனிதனுக்குச் சித்தம் கலங்குவது ஏன்? அந்தக் கேள்விக்குப் பதிலில் ஒரு பாதி இந்த முயலிடம் இருந்தது.

நம் நாட்டு வேர்

முயலை அசையாமல் செய்தது ரிசர்ப்பின் என்ற மருந்து. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரில் இருப்பது அது. அந்த வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தார்கள். வெறிகொண்டு கத்துகிறவர்களை அது அமைதிப்படுத்தும் என்று 1931-ம் ஆண்டிலேயே கல்கத்தா டாக்டர்கள் இருவர் எழுதினார்கள். மேல்நாட்டார் அப்போது அதிகம் கவனிக்கவில்லை. 1952-ல் சுவிட்சர்லாந்தில் வேரின் சத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே 1952-ல் பாரிஸ் நகரத்து டாக்டர்கள், ஆபரேஷன் நோயாளிகளுக்குப் பயன்பட்ட குளோர்புரோமசைன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இல்லாத குரலைக் கேட்டு அலறியவர்கள் அமைதி ஆனார்கள். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நடுங்கியவர்கள் தெளிவாகப் பேசினார்கள்.

மருந்து வந்த பிறகும் எல்லா இடத்திலும் சங்கிலி போய்விடவில்லை. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டு இருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இந்த நோய்க்கு மாத்திரை கண்டுபிடித்து அப்போது 49 ஆண்டுகள் ஆகி இருந்தன!

பூட்டும் சாவியும்

இந்த இரண்டு மருந்துகளும் எப்படி வேலை செய்தன?

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றை ஒன்று தொடுவது இல்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி. ஒரு நரம்பு சொல்லும் செய்தியை அடுத்த நரம்புக்கு எடுத்துப் போவது ரசாயனப் பொருள். அப்படிப்பட்ட தூதுவர்களில் ஒன்றுதான் டோபமைன்.

டோபமைனைச் சாவி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த நரம்பில் அதற்கு என்றே ஒரு பூட்டு இருக்கிறது. சாவி நுழைந்தால் செய்தி போய்ச் சேரும். ரிசர்ப்பின், சாவிகள் இருக்கும் கிடங்கையே காலி செய்துவிடுகிறது. அதனால்தான் முயல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கார்ல்சன் போட்ட ஊசியில், மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் பொருள் இருந்தது. சாவிகள் மறுபடியும் கிடைத்தன, முயல் எழுந்தது.

குளோர்புரோமசைன் கிடங்கைத் தொடுவது இல்லை. பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. 1963-ல் கார்ல்சனும் அவருடன் உழைத்த ஒரு பெண்மணியும் எலிகளைச் சோதித்து இதை ஊகித்தார்கள். பிற்காலச் சோதனைகள் அதை உறுதி செய்தன. 2000-ம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இருமலும் ஜாடையா?

டோபமைன் செய்யும் வேலைகளில் ஒன்று, "இது முக்கியம், கவனி!" என்று மூளைக்கு மணி அடிப்பது. அது அளவுக்கு மீறினால் மணி ஓயாமல் அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருமுவார். நோயாளிக்கோ அது தன்னைக் குறித்த ஜாடையாகத் தெரியும். ரேடியோவில் செய்தி வாசித்தால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும். "அதெல்லாம் இல்லை" என்று அம்மா எவ்வளவு சொன்னாலும் பலன் இராது. இது பிடிவாதம் அல்ல, பேயும் அல்ல. அம்மா வளர்த்த விதத்தால் வந்ததும் அல்ல.

கை நடுங்கினால்

டோபமைன் வேலை மிகவும் குறைந்தாலும் தொல்லைதான். கை நடுங்கும், நடை தளரும், முகம் மரத்தது போல் ஆகும். மாத்திரை சாப்பிடும் சிலருக்கு இப்படி வருவது இதனால்தான். வீட்டார் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்துப் பழைய குரல்கள் திரும்பி வருகின்றன. நடுக்கத்தைப் பார்த்ததும் போகவேண்டிய இடம் டாக்டர் வீடு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து மாற்றலாம். இதற்கு வழி இருக்கிறது.

டோபமைன் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. இளவயதில் கஞ்சாப் பழக்கத்துக்கும் உண்டு. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளும் இருக்கிறார்கள். 2024-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புது மருந்து டோபமைன் பூட்டை அடைப்பதே இல்லை. அசிட்டைல்கோலின் என்ற வேறு தூதுவனின் பூட்டில் அது வேலை செய்கிறது.