காலிதானே!

"தாத்தா, துப்பாக்கி சுடக் கற்க வேண்டும்" என்று பேரன் பிடிவாதம் பிடித்தான். "வேட்டையா?" என்று பதறினாள் பாட்டி. வேட்டைக்குத்தான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் பூட்டுப் போட்டுவிட்டனவே! இன்று ஷாட்கன்னுக்கு இலக்கு, வானில் பறக்கும் 11 செ.மீ. வட்டத்தட்டு. இந்த ஷாட்கன் பிரிவில்தான் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். நம் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் சென்றார்.

முதல் நாள் ஒரு தோட்டாகூடத் தரவில்லை. குழலை மடித்துத் திறந்தே தூக்கிச் செல்ல வேண்டும். சுடும் இடத்தில் நின்ற பிறகே தோட்டா. சுடும்வரை விரல் விசைக்கு வெளியே. காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம்.

பையன் குழலை மூடியபடியே என் பக்கம் திரும்பிவிட்டான்! பயிற்சியாளர் பாய்ந்து பிடித்தார்.

"காலிதானே, சார்?"

"திறந்து பார்க்காதவரை எதுவும் காலியில்லை."

எனக்கு ரயில்வே நாட்கள் நினைவுக்கு வந்தன. 25,000 வோல்ட் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினாலும், எர்த் செய்யும்வரை அதை உயிருள்ளதாகவே கருதுவோம். 'நின்றிருக்கும்' என்று நம்பிக் கை வைத்தால் உயிர் போய்விடும். வீடு திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டான்.

அடுத்தடுத்த வாரங்களில் வித்தை வந்தது: கன்னத்தைக் கட்டையில் பதித்து, தட்டுக்குச் சற்று முன்னால் சுட வேண்டும்; சுட்ட பின்னும் குழலின் வீச்சு நிற்கக் கூடாது.

ஒருநாள் தட்டு தூளாயிற்று! பையன் உடனே திரும்பவில்லை. குழலைத் திறந்தான், உள்ளே பார்த்தான், பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தட்டு உடைந்ததைவிட அதுதான் எனக்கு நிறைவு.