சித்திரம் சோறு போடுமா?

மெழுகும் சாயமும் விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறிய ஓவியர்களின் கதை, எல்லையோர ஊர்களுக்கு இன்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

நல்லேப்பிள்ளியில் ஒரு பையனுக்குப் படம் வரைய வருகிறது என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'சரி, சோத்துக்கு?' என்பதுதான். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த இந்த ஊரில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. கேள்வி எந்த மொழியில் வந்தாலும் அர்த்தம் ஒன்று. பதில்களும் பழையவை: பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், கடைப் பலகை, சுவர் விளம்பரம். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்து பலகையையும் சுவரையும் பெருமளவுக்குப் பறித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்தில் அச்சடித்துத் தருவதற்கு பிரஷ்காரருக்கு இரண்டு நாள் கூலி கொடுக்க எந்தக் கடைக்காரர் முன்வருவார்?

இதே கேள்விக்கு ஒரு கூட்டமாகச் சேர்ந்து பதில் தேடியவர்கள் உண்டு. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், கணவாய்க்கு அந்தப் பக்கம் கோயமுத்தூரில் 1911ல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர். குடும்பத்தின் வேர் பொன்னானிப் பக்கம். சின்ன வயதிலேயே வாட்டர் கலரில் கை தேர்ந்தவர். ஆனால் குடும்பப் பொறுப்பு வந்து விழுந்ததும் தந்தி இலாகாவில் சில வருடம் வேலை பார்த்தார். 1936ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியர், 1957ல் முதல்வர். சம்பளத்துக்கும் சித்திரத்துக்கும் நடுவே ஒரு மனிதன் எப்படி இழுபடுகிறான் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

கல்லூரியில் அவர் வருடா வருடம் பார்த்த காட்சி ஒன்று. நன்றாக வரையும் மாணவர்கள் டிப்ளமா வாங்கிக்கொண்டு வெளியே போவார்கள். கொஞ்ச நாளில் ஏதாவது ஓர் ஆபீஸில் இருப்பார்கள். பிரஷ் பரணுக்குப் போயிருக்கும். அதிர்ஷ்டசாலிகளுக்கு நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களில் டிசைன் வேலை கிடைத்தது. கே.எம். ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அப்படித்தான் சம்பளத்தோடு கலையையும் காப்பாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அந்த நாற்காலி கிடைக்காதே. படம் வாங்க ஆள் இல்லை. அன்றைய சென்னையில் நவீன ஓவியத்துக்கு மார்க்கெட் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பார்க்க எளிமையானது. படம் விற்காது, கைவினைப் பொருள் விற்கும். அப்படியானால் வயிற்றைக் கைவினை பார்த்துக்கொள்ளட்டும், படத்துக்கு எந்த வாடிக்கையாளரும் எஜமானராக வேண்டாம். 1960களின் நடுவில் ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். முக்கியச் சரக்கு பத்திக். உருக்கிய மெழுகைத் துணியில் பிரஷ்ஷால் பூசி, சாயத்தில் முக்கி எடுத்தால் மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிந்த இடத்தில் நரம்பு மாதிரி மெல்லிய கோடுகள் ஓடும். கடைசியில் சுடுதண்ணீரில் மெழுகைக் கரைத்து எடுத்துவிடலாம். கோடு போடத் தெரிந்த கைக்கு இது சிரமமே இல்லை. துணிகள் விற்றன. வந்த பணத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போனது.

அந்த நிதியில் வாங்கியதுதான் நிலம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில், கடலை ஒட்டி எட்டு, பத்து ஏக்கர் மணல். 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. சோழர் கடற்கரைக்கு வழங்கிய பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் இருந்ததெல்லாம் ஓலைக் குடிசையும் சவுக்கும் மணலும்தான். மின்சாரம் கிடையாது. 1967ல் பணிக்கர் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று முழுநேரமும் கிராமத்தோடு நின்றார். 1977ல் அவர் காலமாகும்போது கிராமம் தன் காலில் நின்றுவிட்டது.

வயிற்றுக் கவலை பாதி குறைந்ததும் படங்களில் என்ன நடந்தது? பணிக்கர் 1963ல் தொடங்கிய 'சொற்களும் சின்னங்களும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் கிறுக்கல் எழுத்தும் கணக்கு அட்டவணையும் கான்வாஸில் ஏறின. வாசித்தால் புரியாது, பார்த்தால் நம்மூர்ப் பழைய ஏட்டுச்சுவடியின் வாசனை அடிக்கும். வரவேற்பறைச் சுவருக்கு 'அழகான சீனரி' கேட்டு வருகிறவருக்காக யாரும் இப்படி வரைய மாட்டார்கள். அவர் மகன் நந்தகோபால் உலோகத் தகட்டில் சிற்பம் செய்தார். எஸ்.ஜி. வாசுதேவ் மரங்களை வரைந்தார், செம்புத் தகட்டில் புடைப்பு வேலையும் செய்தார். பிழைப்புக்குப் பழகிய கைவினை சிலருடைய கலைக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

இதைச் சொர்க்கம் என்று எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. கிராமத்திலேயே வாழ்ந்த கே. ராமானுஜம் பேனா மையில் கனவு நகரங்களை வரைந்தவர். சென்னை கன்னிமரா ஹோட்டலில் பெரிய சுவரோவியம் செய்தவர். அவர் 1973ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பது வயதைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. நிலமும் நண்பர்களும் ஒரு மனதின் எல்லாப் பாரத்தையும் தாங்கிவிட முடியாது. இன்னும் சிலர் ஊரை விட்டே போனார்கள். வி. விஸ்வநாதன் பாரிஸில் குடியேறினார். வாசுதேவ் பின்னாளில் பெங்களூர் போனார்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. குமரநல்லூரில் 1939ல் பிறந்த அக்கித்தம் நாராயணன், கவிஞர் அக்கித்தத்தின் தம்பி, சென்னையில் பணிக்கரிடம் படித்தார். 1967ல் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார். வேறொரு வழியில் போனவர் கானாயி குஞ்ஞிராமன். அவரும் சென்னையில் பயின்றவர். 1969ல் மலம்புழா அணைப் பூங்காவில் அவர் எழுப்பிய யட்சி, சங்கத்தின் பணத்தில் அல்ல, அரசு வேலையாக எழுந்தது. நிர்வாணச் சிலையா என்று கிளம்பிய எதிர்ப்பைச் சிற்பி நின்று சமாளித்தார். இன்று அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்காத சுற்றுலாப் பயணி அபூர்வம். ஒருவர் வெளிநாடு போனார், ஒருவர் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். இரண்டுமே எல்லோருக்கும் திறக்கிற கதவுகள் இல்லை.

அதனால்தான் மூன்றாவது வழியான சோழமண்டலத்தின் கணக்கு இன்னமும் சுவாரசியமாக இருக்கிறது. இப்போது அங்கே 2009ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது, 'சென்னை இயக்கம்' என்று பேசப்படும் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். வாடகைக்கு விடும் கேலரிகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, மணல்காடு பங்களாக்காடு ஆகிவிட்டது. முதல் தலைமுறையில் பலர் இறந்துவிட்டார்கள். பத்திக் விற்று அந்தச் சாலையில் இன்று ஒரு சென்ட் நிலம்கூட வாங்க முடியாது. 1966ன் மணலை 2020களின் ஓவியருக்கு யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

ஆனால் மணலோடு வந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. விற்கும் கைத்தொழில் ஒன்று, விற்பனையில் ஒரு பங்கு பொதுப் பணம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கண்காட்சி. சித்தூர்ப் பக்கத்தில் இரண்டு தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு கொட்டகைக்கு ஈஞ்சம்பாக்கத்து விலை ஆகாது. பாலக்காடு பக்கம், பொள்ளாச்சி பக்கம், கோயமுத்தூர் எட்டும் தூரம். மூன்று ஊர்ச் சந்தை, இரண்டு மொழி வாடிக்கை. கஷ்டமான பகுதி வேறு. தன் துணி விற்ற காசில் ஒரு பங்கை, இன்னும் வாங்காத நிலத்துக்காக, பக்கத்து ஓவியரை நம்பிப் பெட்டியில் போட வேண்டும். அன்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். முதல் பத்துப் பேர் எல்லையோரத்தில் கிடைத்தால், 'சோத்துக்கு?' என்று கேட்கும் வீட்டுக்குச் சொல்ல ஒரு பதிலாவது இருக்கும்.