குழந்தைகளின் பற்காப்பும் பற்சீரமைப்பும்

பற்சீரமைப்பு என்பது வரிசை தவறி முளைத்த பற்களையும், மேல் கீழ்த் தாடைகள் சரியாகப் பொருந்தாத நிலையையும் திருத்தும் பல் மருத்துவப் பிரிவு ஆகும். மக்கள் வழக்கில் இது ‘பல்லுக்குக் கம்பி கட்டுவது’ அல்லது ‘கிளிப் போடுவது’ எனப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகரங்களில், பிள்ளைக்குப் பதினான்கு பதினைந்து வயதாகிப் பல் கோணல் வெளியே தெரிந்த பிறகே பெற்றோர் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றனர். ஆனால், கோணலுக்கான காரணங்களில் சில ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் ஏற்படுகின்றன. அவற்றை அப்போதே தடுக்கவும் முடியும். குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளின் வழியே இக்கட்டுரை அதை விளக்குகிறது.

விழப்போகும் பால்பல்லுக்கு வைத்தியம் தேவையா?

தேவை. பால்பற்கள் மொத்தம் 20. முதல் பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கும். மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கினாலும், பால் கடைவாய்ப்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மெல்லுவதோடு, அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவற்றின் வேலை.

பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி ஏழு வயதிலேயே பிடுங்கப்பட்டால், அதற்குப் பின்னாலுள்ள பெரிய கடைவாய்ப்பல் மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். மேல்தாடையில் கோரைப்பல் முளைப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில். முன்னும் பின்னும் உள்ள பற்கள் அதற்கு முன்பே முளைத்திருக்கும். கடைசியாக வரும் கோரைப்பல்லுக்கு இடம் இல்லாவிட்டால் அது வரிசைக்கு வெளியே துருத்திக்கொண்டு வரும். இதையே தெத்துப்பல் என்கிறோம். சிலர் இதை அழகென்பர், சிலர் அதிர்ஷ்டம் என்பர். பெரும்பாலும் இது இடநெருக்கடியின் அடையாளமே.

ஆகவே பால்பல் சொத்தையை முடிந்தவரை அடைத்துக் காப்பாற்ற வேண்டும். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ‘அந்த இடத்தைக் காக்கக் கம்பி வைக்க வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இடங்காப்பான் எனப்படும் இச்சிறு கம்பி வளையம், பின்பல் முன்னே நகராமல் தடுக்கும்.

ஒன்றாம் வகுப்பில் முளைக்கும் பல் எது?

பலருக்கும் தெரியாமல் போவது இந்தப் பல்தான். ஏறத்தாழ ஆறு வயதில், பால்பல் வரிசைக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவை முளைப்பதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் பெற்றோர் இவற்றையும் பால்பல் என்றே எண்ணி, ‘விழுந்து முளைக்கும்’ என்று விட்டுவிடுகின்றனர். இவை விழுந்தால் மறுபடி முளைக்காது. மேல் கீழ்ப் பற்கள் பொருந்துவதற்கும் இவையே அடிப்படை.

இவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. அங்கு உணவு தங்கிச் சொத்தை எளிதில் தொடங்கும். பல் முழுதாக முளைத்தவுடன் அப்பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். வலியோ ஊசியோ இல்லாத எளிய சிகிச்சை இது.

பால்கோவா சாப்பிட்டால் பல் கெடுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; அடுத்த ஆண்டு கோவில்பட்டி கடலைமிட்டாய் அதைப் பெற்றது. இனிப்பை விட்டு விலகி வாழ முடியாத வட்டாரம் இது, விலகவும் வேண்டியதில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட, எத்தனை முறை சாப்பிடுகிறோம், அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பவையே முக்கியம்.

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேல்பூச்சிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் அமிலம் கூடும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரைமணி நேரம்போல ஆகும். சாப்பாட்டோடு ஒருமுறை பால்கோவா சாப்பிடும் பிள்ளையின் பல் ஒருமுறைதான் இந்தத் தாக்குதலைச் சந்திக்கிறது. அதே அளவை மாலை முழுதும் கிள்ளிக் கிள்ளித் தின்னும் பிள்ளையின் பல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. சுவீடனின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் நடந்த ஆய்வும், உணவுக்கு இடையே தின்னும் ஒட்டும் இனிப்புகளே சொத்தையை மிகுவிக்கின்றன என்று காட்டியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டதால் அந்த ஆய்வு பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

வெல்லம், கருப்பட்டி ஆகியவை பல்லைப் பொறுத்தவரை சர்க்கரையிலிருந்து வேறல்ல. கடலைமிட்டாய் பல் இடுக்கில் ஒட்டும் என்பதால், தின்றபின் வாயை நன்றாகக் கொப்பளிக்கப் பழக்க வேண்டும். இரவில் பால்புட்டியோடு குழந்தையைத் தூங்கவைக்கும் பழக்கமே மேல் முன்பற்கள் கறுத்துக் கரைவதற்கு முக்கியக் காரணம்.

எதைக் கொண்டு, எப்படிப் பல் துலக்குவது?

ஃபுளோரைடு கலந்த பற்பசையும் மென்மையான பிரஷும் போதும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பசை வைத்தால் போதுமானது. காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரண்டில் இரவுத் துலக்கலே முக்கியமானது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு குறைந்துவிடும். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிட வேண்டும். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் பழைய வழக்கம். அவற்றைப் பயன்படுத்துவோரும் ஃபுளோரைடு பற்பசையைக் கைவிடக்கூடாது. கரித்தூள், செங்கல்தூள், உப்புத்தூள் கொண்டு அழுத்தித் தேய்ப்பது பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துக் கூச்சத்தை உண்டாக்கும்.

எல்லாக் கோணலுக்கும் கம்பி வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் மேல் முன்பற்களுக்கு இடையே இடைவெளி தோன்றுவது பெரும்பாலும் இயல்பு. கோரைப்பற்கள் முளைத்ததும் அது தானே மூடிக்கொள்ளும். மறுபுறம், பற்காப்பு எல்லாக் கோணலையும் தடுத்துவிடாது. தாடையின் அளவும் பல்லின் அளவும் பெற்றோர் வழியே வருபவை. நான்கு வயதுக்கு மேலும் தொடரும் விரல் சப்பும் பழக்கமும் முன்பற்களை எத்துப்பல்லாக்கும்.

ஏழு வயதில் ஒருமுறை பல் வரிசையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போது சிகிச்சை எதுவும் தேவைப்படாது. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் கடிப்பது, தாடை ஒருபக்கம் விலகுவது போன்ற சில குறைகளை மட்டும் வளரும் வயதிலேயே திருத்த வேண்டும்.

கம்பி எப்படிப் பல்லை நகர்த்துகிறது?

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. பல்லை மெதுவாகவும் தொடர்ந்தும் தள்ளினால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு உருவாகிறது. இந்த வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதனால்தான் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீள்கிறது. அதிக விசை கொடுத்து அவசரப்படுத்தினால் பல்லின் வேர் கரையக்கூடும்.

பொதுவாகப் பதினொன்று முதல் பதினான்கு வயது இதற்கு ஏற்ற காலம். ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் பெரியவர்களும் செய்துகொள்ளலாம். ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மகளை அழைத்துப்போய்ப் பல்லை உள்ளே தள்ளச் சொல்வதால் பயனில்லை.

கம்பி உள்ளபோது முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு கூடாது. கொய்யாவையும் ராஜபாளையம் மாம்பழத்தையும் துண்டு போட்டே தின்ன வேண்டும். கம்பியைக் கழற்றியபின் தக்கவைப்பான் எனப்படும் கருவியை மருத்துவர் சொல்லும் காலம் வரை அணியாவிட்டால், பற்கள் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும்.

பல் பிடுங்கினால் பார்வை போகுமா?

போகாது. மேல்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுச் சீழ் பரவ விடுவதே ஆபத்து. பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காரை பிடித்துவைத்திருப்பதுபோலத் தோன்றும். காரையை எடுத்ததும் அந்தத் தளர்ச்சி தெரியவருகிறது. வீட்டில் நீரிழிவு நோயுள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய ஈறுகளையும் கவனிக்க வேண்டும். நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

விளையாட்டில் பல் விழுந்துவிட்டால்?

முழுதாகத் தெறித்து விழுந்தது நிலைப்பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்த முடியும். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்காக இருந்தால் சில நொடிகள் மட்டும் நீரில் அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் உடனே குழியில் பொருத்திக்கொள்ளலாம். இல்லையேல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும் தெரிந்திருக்க வேண்டிய முதலுதவி இது.

எங்கே, யாரிடம் செல்வது?

சொத்தை, வலி, வீக்கம் ஆகியவற்றுக்கு முதலில் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவை அணுகலாம். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பல் குறைகளையும் உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு ஆகியவற்றையும் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறக்கூடாது.

பற்சீரமைப்பு வல்லுநர் என்பவர் பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மேலும் மூன்றாண்டு அத்துறையில் படித்தவர். சிறுநகரங்களில் இவர்கள் மாதத்தில் சில நாள்கள் மட்டும் வந்துபோவது உண்டு. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய சிகிச்சை என்பதால், மதுரைக்குப் போய்வருவதா உள்ளூரிலேயே பார்ப்பதா என்பதைப் பேருந்துச் செலவு, விடுப்பு எல்லாம் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும். தக்கவைப்பான் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை தவணை, இடையில் கம்பி தெறித்தால் யாரைப் பார்ப்பது என்பவற்றை முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.

சட்டப்படி, மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரே பல் மருத்துவம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பதிவில்லாதவர்கள் மலிவாகக் கட்டிவிடும் கம்பியாலும் ஒட்டுப்பல்லாலும் நல்ல பற்களும் ஆடிப்போகும்.