வெட்டிய கிளை வாடாதிருக்க

டிசம்பர் மாதத்தில் மட்டாஞ்சேரி வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் அமைப்பர். பனிநாடுகளில் இதற்கு ஊசியிலை மரங்களை வெட்டுவர். கேரளத்திலும் தமிழகத்திலும் சவுக்குக் கிளை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. மலையாளத்தில் ‘காற்றாடி’ எனப்படும் மரமே தமிழில் ‘சவுக்கு’. அதில் ஊசிபோலத் தோன்றுபவை இலைகள் அல்ல. மெல்லிய பச்சைத் தண்டுகள். உண்மையான இலைகள் அவற்றின் கணுக்களில் சிறு செதில்களாக உள்ளன.

வெட்டிய கிளைக்கு வேர் இல்லை. ஆயினும் அதன் பச்சைத் தண்டுகளிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெட்டிய இடத்தில் காற்றுப் புகுந்து, நீர் ஏறும் நுண்குழாய்களை அடைத்துவிடும். ஆகவே, கிளையை வீட்டிற்குக் கொண்டுவந்ததும் அடியில் 2 செ.மீ. அளவு அறுத்து நீக்கி, உடனே நீர் நிறைந்த வாளியில் நிறுத்த வேண்டும். நாள்தோறும் நீர் குறைந்த அளவிற்கு நிரப்ப வேண்டும். வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத இடமே ஏற்றது.

காய்ந்த கிளை எளிதில் தீப்பற்றும். அதனருகில் மெழுகுவத்தி ஏற்றலாகாது. உறங்குமுன் அலங்கார விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளி மைதானத்தில், வேரோடு நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தையே விளக்குகளால் அலங்கரிக்கின்றனர். அம்மரத்திற்கு மண் நீர் அளிக்கிறது. வெட்டிய கிளைக்கு வீட்டாரே அளிக்க வேண்டும்.