எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்!

விமானத்தை விட்டு இறங்கி நடக்கிறார்; திடீரென்று எதுவுமே கேட்கவில்லை. தனக்கு நேர்ந்த இதை 2024 ஜூன் மாதம் வெளியே சொன்னவர் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக். வைரஸ் தாக்குதலால் வந்த செவி நரம்புப் பாதிப்பு என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்களாம்.

இப்படித் திடீரென்று கேட்காமல் போவது பெரும்பாலும் ஒரு காதில்தான் நேரும். காலையில் எழுந்தால் ஒரு பக்கம் பஞ்சு வைத்தாற்போல் இருக்கும், 'ங்ஙொய்' என்று இரையும், சிலருக்குத் தலைசுற்றும். 'சளியா இருக்கும், அழுக்கா இருக்கும்' என்று காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் பார்ப்போம். கோட்டை விடுவது அந்த வாரத்தைத்தான்.

வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் அடைப்புதான். நல்ல காதில் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால், முடிவு சொல்ல வேண்டியது ஆடியோகிராம்: 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த 3 அதிர்வெண்களில் கேட்புத்திறன் 30 டெசிபலாவது குறைந்திருந்தால் இது திடீர்ச் செவித்திறன் இழப்பு.

கோலி சோடா கணக்கு

முதல் மருந்து ஸ்டீராய்டு. அதற்குத் துணைக்கு வருவதுதான் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை. உள்காதில் இருக்கும் காக்ளியாவுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். ரத்தம் வருவதோ ஒரே மெல்லிய தமனி வழியாக. ஓர் அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்தால், கோலி சோடாவில் வாயு கரைவதுபோல ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்து உள்காதுவரை போகிறது.

சிகிச்சை அறைக்குள் பருத்தி உடைதான், செல்போனுக்கு இடமில்லை. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் ஒரு பொறி போதும். அழுத்தம் ஏறும்போது, மலைப்பாதையில் பஸ் இறங்குகையில் அடைப்பதுபோல் காது அடைக்கும்; எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமான காற்றழுத்தத்தைப்போல 2 முதல் 2.5 மடங்கு, சுமார் 90 நிமிடம், 10 முதல் 20 அமர்வுகள். நடுக்காதில் காயம் ஏற்படலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து, அதற்குச் சிகிச்சை பெறாதவர்கள் உள்ளே போகவே கூடாது.

இரண்டு வாரம்

அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் இந்த ஆக்சிஜன் சிகிச்சையை ஸ்டீராய்டுடன் சேர்த்து 2 வாரத்துக்குள் தொடங்கலாம் என்கிறது. முதல் சிகிச்சை பலிக்காதவர்களுக்கு ஒரு மாதம்வரை. கட்டாயம் என்று சொல்லவில்லை. சிலருக்குக் கேட்புத்திறன் தானாகவே திரும்புவதும் உண்டு. யாருக்குத் திரும்பும் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது. அதனால் காது கேட்காமல் போன அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரிடம் போய்விடுங்கள், ஆக்சிஜன் அறை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.